18 இஞ்சி அலுமினியம் பேசின்: ரெண்டு பெரிய வியாழன், நடுவுல ஒரு புயல்

மொதல்லயே சொல்லிர்றேன், இது பேசின் ரிவியூ. நடுவுல எங்கயாச்சும் பிரசங்கம் மாதிரி போச்சுன்னா மன்னிச்சுக்கங்க, கோயில் சாமானப் பத்தி எழுத உக்காந்தா அப்பிடித்தான் போகும்.

இலங்கை மலையகத்துல அட்டன் டவுன்ல ஒரு பாத்திரக்கடையில வாங்குனது. 18 இஞ்சி, அலுமினியம், வாய் அகலம், அடி தட்டை, 2900 ரூவா. 2025 பெரிய வியாழனுக்கு ரெண்டு நாள் முந்தி வாங்குனேன். பெரிய வியாழன்னா ஈஸ்டருக்கு முந்துன வியாழன், ஏசு சாமி சீஷருக காலக் கழுவுனத நெனச்சு பூசையில பாதர் பன்னெண்டு பேரு காலக் கழுவுவாரு. அந்த நேரம் தேயிலத் தோட்டத்துல ஒரு நாள் பேருக்கு, அதான் நாள் சம்பளம், 1350 ரூவா, ரெண்டு நாள் முழுசா கொழுந்து எடுத்தாலும் இந்தப் பேசின் வாங்க பத்தாது. கோயில் கமிட்டில கணக்கு வாசிக்கிறப்ப ஒருத்தர் "கால் கழுவுறதுக்கு இவ்வளவு காசா"ன்னு கேட்டாரு, கேட்டவரு கால்தான் லிஸ்ட்ல மொத கால், அந்தக் கதைக்கு அப்புறம் வர்றேன். கடை பேரு போடல, ஏன்னா கொஞ்சம் கொறையும் சொல்லப்போறேன், மொதலாளி நமக்குத் தெரிஞ்ச ஆளு, பஸ் ஸ்டாண்டுல கண்டா மூஞ்சத் திருப்பிக்குவாரு.

எங்க கத்தோலிக்கக் கோயில் பொகவந்தலாவ ரோட்டுல, தோட்டத்துக்கும் கடைத்தெருவுக்கும் நடுவுல. எனக்கு அங்க பூச சாமான் ரெடி பண்ற வேல. மெழுகுதிரி, பூ, மைக்கு, பெரிய வியாழன் வந்தா கால் கழுவுற செட்டு. செட்டுன்னா ஒரு ஜக்கு, ஒரு பேசின், துவாய், 12 நாக்காலி, அவ்வளவுதான். கேக்க லேசா இருக்கும், நானும் எட்டு வருஷமா செய்றேன், ஒரு வருஷமாச்சும் ஒழுங்கா நடந்திருக்கணுமே.

முன்ன இருந்தது ஒரு பித்தளத் தாம்பாளம். யாரோ கல்யாணத்துக்கு வந்த சாமானக் கோயிலுக்குக் குடுத்தது, பாக்க அழகு, ஆனா ஆழம் ரெண்டு வெரக்கட. மூணாவது ஆளுக்கே தண்ணி வழிஞ்சு கார்ப்பெட்ல எறங்கிரும், பன்னெண்டாவது ஆளு குளத்துக்குள்ள உக்காந்திருக்கிற மாதிரி உக்காந்திருப்பாரு. அதோட ஏப்ரல் மாசம்னாலும் எங்க பக்கம் பொழுது எறங்குனா குளிருதானே, டேங்கித் தண்ணி ஐஸ் மாதிரி, ஒரு வருஷம் ஒரு பெரியவருக்கு ஊத்துன ஒடனே கெண்டக்கால் புடிச்சு இழுத்து அவரு நாக்காலிய விட்டுத் துள்ளி எந்திரிச்சதுல பாட்டுக்காரப் புள்ளைக பாதி பாட்டுல சிரிச்சிருச்சுக. சரின்னு 2024ல பிளாஸ்டிக் பேசின் ஒன்னு வாங்கி சுடுதண்ணி கலந்து வச்சோம். "நல்ல தடிப்பு தம்பி, ஒன்னும் ஆகாது"ன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. சூடு பட்டதும் அடி எளகி வயிறு மாதிரி கீழ தொங்கிருச்சு, பூச ஒதவிக்கு நின்ன பையன் ரெண்டு கையாலயும் தூக்குறான், வெத்தல மாதிரி நடுவுல மடங்கி, பதினோரு பேரு கால் கழுவுன தண்ணி அவன் வெள்ள அங்கியில. அடுத்த வாரம் வெளிம்புல கோடு விழுந்து வெடிச்சும் போச்சு. கடையில கேட்டதுக்கு சுடுதண்ணி ஊத்துனா கேரண்டி இல்லையாம், வாங்குறப்ப அத யாரு சொன்னா.

அப்பிடித்தான் இந்த அலுமினியம் வந்துச்சு.

நல்லது என்னன்னா, சூடு தாங்குது, கனம் இல்ல, வாய் அகலமா இருக்கிறதால வயசான ஆளுக ரெண்டு காலையும் உள்ள வச்சிட்டு நிம்மதியா இருக்கலாம், ஒத்தக் காலத் தூக்கிக்கிட்டு பேலன்ஸ் பண்ண வேண்டியதில்ல. ஒரு ஆளுக்கு அர லீட்டர்னு வச்சாலும் 12 பேருக்கு 6 லீட்டர், பேசின்ல பாதி கூட ஏறல, எங்கயும் வழியல. இதுல ஃபுல் மார்க்.

கெட்டது: அலுமினியம் வெள்ளத் துணியில சாம்பக் கலர்ல கோடு போடும். இது வாங்குறப்ப எனக்குத் தெரியாது. பாதர் துவாய பேசின் வெளிம்புல போட்டு எடுத்திருக்காரு, அடுப்புக்கரி தொடச்ச மாதிரி ஆயிருச்சு. புதுப் பேசின்ல தேசிக்காயோ புளியோ போட்டுத் தண்ணிய ஒருக்கா கொதிக்க வச்சு ஊத்துனா பளிச்சுன்னு ஆகும், கரி அவ்வளவு ஏறாது, ஆனா சோடா போட்டுத் தேச்சுராதீங்க, கறுத்துப் போயிரும், நான் போட்டு அனுபவிச்சேன். வெளிம்ப மடிச்ச எடத்துல ஒரு சின்னப் பிசிறு, என் பெருவெரல கிழிச்சிச்சு, அரம் வச்சுத் தேச்சு எடுத்தேன். கைப்புடி இல்ல. அப்புறம் சத்தம், ஐயோ, சிமெந்துத் தரையில வச்சா "டங்"னு ஒரு சத்தம் வருது பாருங்க, சனம் அமைதியா தல குனிஞ்சு இருக்கிற நேரத்துல, ஸ்டோருல எதையோ கீழ போட்ட மாதிரி. அடியில ஒரு சாக்க மடிச்சுப் போடுங்க.

துவாயப் பத்தியும் சொல்லணும், அதுக்கு யாரும் ரிவியூ போட மாட்டாங்க. புதுத் துவாய் தண்ணி குடிக்காதுங்க, கடையில இருந்து வந்த கஞ்சி மாதிரி ஒன்னு மேல இருக்கும், ரெண்டு தரம் தொவச்ச பொறகுதான் குடிக்கும். ஒரு துவாய் அஞ்சு பேரத் தாண்டாது, ஆறாவது ஆளு கால் தொடச்சுட்டுப் போறப்பவும் ஈரமாத்தான் போவாரு. குறஞ்சது நாலு வைங்க. பைபிள்ல யோவான் 13ல ஏசு சாமி ஒரு துணிய இடுப்புல கட்டிக்கிட்டு சீஷருக காலத் தொடச்சாருன்னு இருக்கு, அந்தத் துணி கடசில எப்பிடி இருந்திருக்கும்னு நான் அடிக்கடி நெனைப்பேன். பழைய தமிழ் பைபிள்ல "சீலையை எடுத்து, அரையிலே கட்டிக்கொண்டு"ன்னு வரும். சீலைய அரையில கட்டுறதுன்னா எங்க பொம்பளைகளுக்கு வெளக்கம் சொல்லத் தேவையே இல்ல, காலையில பிரட்டுக்கு, அதான் பேர் கூப்பிட்டு வேல பிரிக்கிற எடத்துக்கு, போறதுக்கு முன்ன இடுப்பச் சுத்திப் படங்குத் துணி கட்டுறாங்களே, அதேதான். செடி கிழிக்காம இருக்க, ஈரம் ஏறாம இருக்க. வேலைக்கு எறங்குற ஆளோட உடுப்பு அது, பூச உடுப்பு கணக்குல நான் அதப் பாத்தது இல்ல.

இன்னொன்னு, அந்த அதிகாரத்த இந்தப் பேசின் வாங்குன பொறகுதான் ஒழுங்கா வாசிச்சேன். அங்க பாத்திரத்துல தண்ணி வாத்ததும் அவருதான், கழுவுனதும் அவருதான், தொடச்சதும் அவருதான். எங்க கோயில்ல பாதர் பின்னால ஜக்கு தூக்க ஒரு பையன், பேசின் தூக்க ஒரு பையன், துவாய் நீட்ட ஒரு பையன், பாதர் தோள்ல சரியிற துணியப் புடிக்க நானு. ஒருத்தர் தாழ்மைக்கு நாலு பேரு எடுபுடி. நான் பாதருக்கிட்டயே இதச் சொன்னேன், சிரிச்சாரு, "நீயும் சேந்துதானே கழுவுற"ன்னாரு. பதில் நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு முழுசா ஒட்டல.

இப்ப லிஸ்ட்டு கதைக்கு வர்றேன்.

யாரு அந்தப் பன்னெண்டு நாக்காலில உக்கார்றதுன்னு கமிட்டி முடிவு பண்ணும். வருஷாவருஷம் அதுல சண்ட வரும். கமிட்டித் தலைவரு, கடை மொதலாளி, ரிட்டயர்டு டீமேக்கரு, ஸ்கூல் பிரின்சிபல், தொழிற்சங்க ஆளு ஒருத்தர், அப்பிடித்தான் லிஸ்ட்டு போகும். "என்னைய விட்டுட்டீங்க"ன்னு ஒரு வருஷம் ஒருத்தர் பெரிய வியாழனுக்கே வரல, ஈஸ்டருக்கும் வரல. சிரிப்பா இருக்கும் ஆனா புதுசு இல்ல, லூக்கா 22ல பாருங்க, அந்தக் கடசி ராப் போஜனத்துலயே, அப்பமும் ரசமும் குடுத்து முடிஞ்ச ஒடனே, நம்மள்ல யாரு பெரியவன்னு சீஷருக வாக்குவாதம் பண்றாங்க. எங்க கமிட்டி மீட்டிங்குக்கு அதவிட நல்ல ரிப்போட்டு யாரும் எழுத முடியாது.

ஆனா யோசிச்சுப் பாத்தா எங்க ஆளுக மேல முழுத் தப்பும் இல்லன்னு தோணுது. நம்ம சனத்துல கால் கழுவுறதுன்னா என்ன? பாத பூச. கல்யாணத்துல அப்பா அம்மாவ உக்கார வச்சுக் கால் கழுவிப் பூப் போட்டுக் கும்புடுவோம். பெரியவுக காலத் தொட்டுக் கும்புடுவோம். எந்தத் தமிழனும் கால் கழுவுறதப் பாத்தா, உக்காந்திருக்கிறவரு பெரிய ஆளுன்னுதான் மனசுல எடுப்பான். அதான் பெரிய ஆளுகளா தேடி உக்கார வைக்கிறோம். யோவான் 13ல போற தண்ணி அந்தப் பக்கம் போகல. குரு எறங்கி சீஷன் காலக் கழுவுறாரு, அங்க அது வீட்டு அடிமையோட வேல. பழைய ஏற்பாட்டுல அபிகாயில்ங்கிற பொம்பள தாவீது அனுப்புன ஆளுககிட்டப் பணிஞ்சு பேசுறப்ப, எசமானோட வேலைக்காரருக காலக் கழுவுற அடிமையா இருக்கேன்னு சொல்லுவா, 1 சாமுவேல் 25ல, அதுக்குக் கீழ எறங்க எடமே இல்லன்னு அர்த்தம். அதனாலதான் சீஷன் பேதுரு பதறிப்போயி, நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாதுன்னு கத்துறான். எங்க ஆளுக பதறாம ஜம்முன்னு உக்காந்து காலை நீட்டுறாங்கன்னா, நாங்க அத பாத பூசயாவே ஆக்கிட்டோம்னு அர்த்தம். தொர பங்களால முன்ன ஒரு காலத்துல தொரைக்கு சப்பாத்து கழட்ட ஒரு ஆளு நின்னான்னு எங்க தாத்தா சொல்லுவாரு. அந்தத் தொர குனிஞ்சு கங்காணியத் தாண்டி, தேயிலச் செடி கவ்வாத்து வெட்டுறவன் சப்பாத்தக் கழட்டுனா எப்பிடி இருக்கும், அதான் அன்னிக்கு நடந்தது. அதுலயும் காட்டிக் குடுத்த யூதாசுக்கும் கழுவியாச்சு. அவன் எந்திரிச்சு வெளிய போனது அதுக்கு அப்புறம்.

2025ல புதுப் பாதர் வந்தாரு, லிஸ்ட்டக் கேட்டாரு, வாசிச்சாரு, மடிச்சு பாக்கெட்ல போட்டாரு. "பாதிப் பேரு கொழுந்தெடுக்கிற அக்காமாரா இருக்கட்டும்"னாரு. ஒரே கொழப்பம், பொம்பளைகளுக்கு கழுவலாமான்னு. 2016லயே போப் பிரான்சிஸ் சட்டத்தத் திருத்தி எழுதியாச்சு, ஆம்பளைகதான்னு இருந்தத மாத்தி இறைமக்கள்ல யாரையும் எடுக்கலாம்னு. அதுக்கு முந்தி 2013லயே அவரு ரோம்ல ஒரு சிறுவர் சிறைச்சாலைக்குப் போயி, பொம்பளப் புள்ளைகளுக்கும் இஸ்லாமியப் புள்ளைகளுக்கும் சேத்துக் கழுவுனாரு. ஒம்பது வருஷமா அந்தச் செய்தி எங்க கமிட்டிக்கு ஏறி வரல, மலை ஏத்தம்ல.

அந்த லிஸ்ட்டுல எங்க அம்மாவும் ஒன்னு. 31 வருஷம் கொழுந்தெடுத்த ஆளு. அன்னிக்கு மத்தியானமே தண்ணிப் பீலிக்குப் போயி ஒரு சொரசொரப்புக் கல்ல வச்சுக் குதிகால தேய்க்குது, தேய்க்குது, அப்பிடித் தேய்க்குது. பித்தவெடிப்பு, அதுக்குள்ள மண்ணும் தேயில சாயமும் ஏறி கறுப்பா கோடு கோடா, அது கல்லுக்கெல்லாம் போற கறுப்பா? கணுக்கால்ல பழைய அட்டைக் கடி புள்ளி புள்ளியா. சன்லைட் சோப்புல மூணு தரம் கழுவிட்டு, தேங்கா எண்ணெ தடவிட்டு, "டேய், நான் வரலன்னு சாமிகிட்ட சொல்லிர்றியா"ன்னு கேக்குது. (கால் கழுவப் போறதுக்கு முன்ன எல்லாரும் வீட்டுல கால் கழுவிட்டுத்தான் வருவாங்க, இது உலகம் பூரா அப்பிடித்தான்னு நெனைக்கிறேன்.) கோயில்ல பாதர் முன்னாடி வந்து முட்டி போட்டதும் அம்மா காலச் சட்டுன்னு சீலைக்குள்ள இழுத்துக்கிச்சு. நான் பின்னால துணியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறேன், எனக்கே கண்ணுல ஒரு மாதிரி ஆயிருச்சு. பாதர் ஒன்னும் பேசல, ரெண்டு கையையும் பேசினுக்கு மேல நீட்டி வச்சுக்கிட்டு அப்பிடியே காத்துக்கிட்டு இருந்தாரு. ஒரு நிமிஷம் இருக்கும். பாட்டு முடிஞ்சு திரும்ப ஆரம்பிச்சாங்க. அப்புறம் அம்மா மெல்ல ஒரு கால வெளிய விட்டுச்சு. குதிகாலத் தொட்டதும் அவரு கை ஒரு செக்கன் நின்னது, அந்த வெடிப்புல வெரல் பட்டிருக்கணும். பொறகு ரொம்ப மெதுவா தொடச்சாரு.

வீட்டுக்கு வந்து அம்மா சொன்னது ஒன்னே ஒன்னுதான். "தண்ணி நல்ல சூடா இருந்துச்சுடா." சுடுதண்ணி வச்சது நானு. அந்த ரிவியூ போதும் எனக்கு.

நடுவுல ஒரு வெஷயம். எங்க கோயில் செவுத்துல புனித யோசே வாஸ் படம் ஒன்னு இருக்கு, கண்டி மறைமாவட்டம்னா அவரு இல்லாம முடியாது. கோவாவுல 1651ல பொறந்தவரு, 1687ல, ஒல்லாந்தர் கத்தோலிக்கத்துக்குத் தட போட்டிருந்த காலத்துல, கூலியாள் மாதிரி வேஷத்துல இலங்கைக்கு வந்தவரு. 1692ல கண்டிக்கு வந்தா போர்த்துக்கீசு ஒற்றன்னு சந்தேகத்துல புடிச்சு சிறையில போட்டாங்க. அப்புறம் 1697ல கண்டியில பெரியம்ம வந்துச்சு, சனம் நோயாளிகள விட்டுட்டு ஓடுது, இவரு ஓடல, விட்டுட்டுப் போனவுகளுக்குக் கொட்டில் போட்டு, கழுவி, சோறூட்டி, செத்தவுகள அடக்கமும் பண்ணுனாரு. எந்த மதம்னு பாக்கல. 1711ல கண்டியிலயே எறந்தாரு, 2015 ஜனவரியில காலி முகத்திடல்ல போப் பிரான்சிஸ் புனிதர் பட்டம் குடுத்தாரு, அன்னிக்கு எங்க தோட்டத்துல இருந்து ரெண்டு பஸ் போச்சு, நானும் போனேன், வெயில்ல பாதி ஒன்னும் கேக்கல. எங்க பூட்டன் பாட்டனெல்லாம் வேற வழி இல்லாம கூலியா வந்தவுக, இவரு தானா அந்த வேஷத்த எடுத்தவரு. படத்துல அவரு கையில சிலுவ இருக்கு. எனக்கு என்னமோ ஒரு பேசின் இருந்திருக்கணும்னு தோணும்.

சரி, பேசினுக்கு வர்றேன், ஏன்னா அதோட நெசமான டெஸ்ட்டு கோயில்ல நடக்கல.

2025 நவம்பர் கடசில டித்வா புயல். மலையகத்துல அத யாருக்கும் நான் வெளக்க வேண்டியதில்ல. நுவரெலியா, பதுள, கண்டி, எங்க பாத்தாலும் மண்சரிவு, ரோடு அறுந்து, ரயில் பாத தொங்கி, கரண்டு இல்ல, சிக்னல் இல்ல. எங்க மேல்கணக்கு லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிச வீடுகளுக்கு, பின்னால நெலம் வெடிச்சு நின்னதால எல்லாரையும் எறக்கி ஸ்கூல்லயும் எங்க கோயில் ஹோல்லயும் வச்சாங்க. ராத்திரி மழைக்குள்ள வந்த சனம், முட்டி வரைக்கும் சேறு, செருப்பு இல்லாதவுக பாதி.

நான் பேசின எடுத்து வைக்கல. எடுத்தது எங்க பழைய புள்ளக்காம்பரா ஆயம்மா, வேலைக்குப் போறவுக புள்ளைகளப் பாத்துக்கிட்டவுக. ரிட்டயர் ஆயி பத்து வருஷம் இருக்கும், மாரியம்மன் கோயில் ஆளு, எங்க கோயிலுக்கு மாதா திருநாளுக்கு கடல வாங்க மட்டும் வருவாங்க. சாமான் ரூமுக்குள்ள நேரா போயி, "இது என்ன சும்மா கெடக்கு"ன்னு தூக்கிட்டு வந்துட்டாங்க. நான் "ஆயம்மா, அது பூசைக்கு உள்ளது"ன்னேன். என்னைய ஒரு பார்வ பாத்தாங்க பாருங்க, நான் புள்ளக்காம்பராவுல கெடந்தப்ப எனக்கே கழுவி விட்டவுக, அந்தப் பார்வைக்கு என்ன பதில் சொல்றது. வெறகடுப்புல தண்ணி வச்சு, வெளாவி, ஹோல் வாசல்ல ஒரு பலகைய போட்டு உக்காந்துட்டாங்க. உள்ள வர்ற ஒவ்வொரு புள்ளையாப் புடிச்சு நிக்க வச்சு, சேறு கழுவி, அட்டை இருந்தா உப்பு வச்சு எடுத்து, சாக்குல தொடச்சு உள்ள விட்டாங்க. பொறகு கெழவன் கெழவி. நடக்க முடியாத ஒரு தாத்தா, கால்ல ஆறாத புண்ணு, சர்க்கர வியாதி, கட்டு சேத்தோட ஒட்டிப் போயி நாத்தம், மகனே கொஞ்சம் தள்ளித்தான் நிக்கிறான், இவங்க பேசின மடியில சாச்சு வச்சு ஊற வச்சு ஊற வச்சு அந்தத் துணிய எடுத்தாங்க. அர மணித்தியாலம். வாயி மட்டும் சும்மா இல்ல, "ஏன்டா கெழவா, கட்டுன துணிய மாத்த மாட்டியா, ஒனக்கு என்ன நோக்காடு"ன்னு ஏசிக்கிட்டே. தாழ்மன்னா மெதுவா, சாந்தமா பேசணும்னு எவன் சொன்னது.

அன்னிக்கு ராத்திரி தண்ணி ஊத்திக் குடுத்தது பாதரு. அவரு சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு அடுப்புக்கும் வாசலுக்கும் வாளியோட நடந்துக்கிட்டே இருந்தாரு. பெரிய வியாழன்ல ஜக்கு புடிக்கிற பையன் வேல. ரெண்டாம் நாள் கக்கூஸ் அடச்சுக்கிச்சு, அவ்வளவு சனத்துக்கு ரெண்டே ரெண்டு கக்கூஸ், அதையும் அவருதான் கம்பி விட்டுக் குத்திக்கிட்டு இருந்தாரு, எங்க இளைஞர் மன்றத்துப் பையன் ஒருத்தன் சார்ஜ் மிச்சம் இருந்த போன எடுத்து நீட்டுனான். பாதர் திரும்பிப் பாத்து, "தம்பி, அந்தக் கையில ஒரு வாளி இருந்தா ஒதவியா இருக்கும்"னாரு. போட்டோ இல்ல. இருந்திருந்தா இங்க போட்டிருப்பேனோ என்னமோ.

சாமான் ரிவியூங்கிறதால சொல்லணும், ஒம்பது நாள், பகல் ராவு, சுடுதண்ணி, சேறு, டெட்டோல், கீழ விழுந்து உருண்டு, ஒரு எடத்துல நசுங்குனதத் தவிர ஒன்னும் ஆகல. அடியில ஓட்ட இல்ல. சோறு வடிக்க மட்டும் ஒருத்தி கேட்டா, ஆயம்மா தரல, கால் கழுவுற பாத்திரம்னு. அதுல அவங்க ரொம்ப கண்டிப்பு.

இந்த வருஷம் பெரிய வியாழனுக்கு முந்தி பாதர் ஆயம்மா வீட்டுக்கே போயிக் கேட்டாரு, பன்னெண்டு பேருல ஒருத்தரா வந்து உக்காருங்கன்னு. நானும் கூடப் போயிருந்தேன். அவங்களுக்கு அது என்னன்னு மொதல்ல வெளங்கல, வெளங்குனதும் சிரிச்சுட்டாங்க. "எனக்கெதுக்கு சாமி, என் காலு சுத்தமாத்தான் இருக்கு." பேதுரு சொன்னதுக்கு ஏசு சாமி பதில் சொன்னாரு, இதுக்கு எங்க பாதருக்கு பதில் வரல. பிளேன்டி குடிச்சிட்டு எந்திரிச்சோம். வாசல்ல வச்சு, "அந்தப் பேசின் இருக்கா இன்னும்"னு கேட்டாங்க. மருமகளுக்கு அடுத்த மாசம் புள்ளப்பேறு, குளிப்பாட்ட அந்த அளவு தோதா இருக்கும்னு. வியாழக்கிழம முடியட்டும் ஆயம்மா, கொண்டாந்து தர்றேன்னேன்.

அந்த வியாழன் நசுங்குன பேசினோடயே நடந்துச்சு. நசுங்குன பக்கத்த சனத்துக்குத் தெரியாம திருப்பி வைக்கலாமான்னு யோசிச்சேன், பாதர் வேணாம்னாரு. அடியில சாக்கு போட மறந்துட்டேன், "டங்".

மார்க் போடணும்னா அஞ்சுக்கு நாலு. ஒரு மார்க்கு அந்த வெளிம்புப் பிசிறுக்கும் துவாய்க் கரிக்கும் கட். வீட்டுக்கு, கோயிலுக்கு, மண்சரிவுக்கு எல்லாத்துக்கும் தாங்கும், 2900 குடுக்கலாம். வாங்குறப்ப வெளிம்ப வெரலால ஒரு சுத்து தடவிப் பாத்து எடுங்க.

இப்ப அது ஆயம்மா வீட்டுல இருக்கு, புளி போட்டுத் தேச்சு வெளிய கவுத்து வச்சிருக்காங்க, பேரப்புள்ளைக்கு ரெண்டு மாசம் ஆச்சு. திருப்பிக் கேக்க எனக்கு மனசு வரல. அதனால அடுத்த வருஷத்துக்குக் கோயிலுக்கு இன்னொன்னு தேடணும், இந்தத் தரம் ஸ்டீல்ல பாப்போம்னு இருக்கேன், கமிட்டி என்ன சொல்லுமோ. 18 இஞ்சிக்குக் கொறையாம, ரெண்டு பக்கமும் கைப்புடி வச்ச ஸ்டீல் பேசின் அட்டன்லயோ நுவரெலியாலயோ எங்க கெடைக்கும்னு யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.